384 கிலோமீட்டர்

திங்கள், இரவு

கனடாவின் வடகோடியில், நூனவுட் பிரதேசத்தில் இரண்டு சிற்றூர்கள். கார்ன்வாலிஸ் தீவில் ரெசலூட். எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் கிரீஸ் ஃபியோர்டு. 2021 கணக்கெடுப்பின்படி முன்னதில் 183 பேர், பின்னதில் 144 பேர். இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு என்று இன்று கணக்குப் போட்டேன். தீர்க்கரேகையில் வித்தியாசம் 12 பாகை. நிலநடுக்கோட்டில் அது 1,300 கிலோமீட்டரைத் தாண்டும். துருவத்தை நெருங்க நெருங்க ரேகைகள் ஒடுங்குவதால், அங்கே ஒரு பாகை சுமார் 28 கிலோமீட்டர்தான். விடை, ஏறக்குறைய 384. சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் உலக வரைபடத்தில் இதே இடைவெளி நாலு மடங்காகத் தெரியும்.

செவ்வாய்

சாலை இல்லை. கப்பல் கோடையில் மட்டும். மற்ற நாளெல்லாம் விமானம்தான். ரெசலூட்டிலிருந்து வடகிழக்கே கிளம்பினால் வெலிங்டன் நீரிணை, பிறகு மனிதர் வசிக்காத தீவுகளில் உலகிலேயே பெரியதான டெவன், அதற்கப்பால் ஜோன்ஸ் நீரிணை. ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் அங்கே காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. நேர்கோட்டில் பறந்தாலும் மெய்வடக்கை வைத்துப் பார்த்தால் வழியிலேயே திசை 12 பாகை திரும்பிவிடும். போய் இறங்குவதோ, மலைக்கும் கடலுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் அளவே உள்ள சரளை ஓடுபாதையில். மேகம் இறங்கினால் பயணம் ரத்து. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே கிடையாது. இந்த வேலை செய்யும் விமானிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வியாழன்

தூரத்தை அளந்தவனுக்கு, அது எப்படி உண்டானது என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. படித்தேன். தூக்கம் போயிற்று.

1953-இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் பூர்வகுடிக் குடும்பங்களைக் கனடா அரசு கப்பலேற்றியது. ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே. வேட்டை அங்கே நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்று வாக்குறுதி. எல்லோரும் ஒரே இடத்தில்தான் இருக்கப்போகிறோம் என்று நம்பியே ஏறினார்கள். சிலரை எல்ஸ்மியரிலும் சிலரை ரெசலூட்டிலும் இறக்கப்போகிறார்கள் என்பது கப்பலில்தான் தெரிந்தது. பெண்கள் அழுததையும், அதைக் கேட்டு நாய்கள் ஊளையிட்டதையும் அப்போது சிறுவனாக இருந்த ஜான் அமகோவாலிக் பின்னாளில் சாட்சியமாகச் சொன்னார். நூனவுட்டின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர்.

அப்படியானால் இந்த 384 கிலோமீட்டர் இயற்கை போட்ட இடைவெளி அல்ல. ஆட்சியாளர்கள் உறவுகளுக்கு நடுவே போட்டது. அந்தக் காலத்தில் அதைக் கடக்க அந்தக் குடும்பங்களுக்கு விமானமும் இல்லை.

வெள்ளி

2010-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு இரு ஊரிலும் கற்சிலைகள் நின்றன. கிரீஸ் ஃபியோர்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய தாயும் மகனும் ரெசலூட்டின் திசையைப் பார்க்கிறார்கள். ரெசலூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய தனி மனிதன் கிரீஸ் ஃபியோர்டைப் பார்க்கிறான். இதைவிடத் துல்லியமாக இந்தத் தூரத்தை யாரும் அளந்ததில்லை.

மன்னிப்புக்கு முன்பே, 1989-இல், சுமார் 40 பேரை அரசு தன் செலவில் இனுக்ஜுவாக்குக்குத் திருப்பி அனுப்பியது. வடக்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். குடும்பம் மறுபடி பிரிந்தது, இம்முறை 2,000 கிலோமீட்டருக்கு. பேரனைப் பார்க்க ஒரு பாட்டி விமானம் ஏறினால் அந்தச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியது அரசுதான் என்பேன். 1953-இல் போன பயணத்துக்கும் அவர்களிடம் யாரும் காசு கேட்கவில்லையே.