பையில் ஆறு புள்ளிகள், கண்முன்னே மலைப்பாதை: தர்மபுரியில் சிறப்புப் பயிற்றுநராக என்ன படிக்க வேண்டும்?

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயைத் தாண்டினால் தர்மபுரி மாவட்டம். அடுத்து வருவது அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமி என்றால் இங்குள்ள கால பைரவர் கோயிலில் நிற்க இடம் இருக்காது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயரைத் தாங்கிய ஊர். அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி.

தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து சாலைகள் பல திசைகளில் பிரிகின்றன. மேற்கே பென்னாகரம், அதைத் தாண்டி ஒகேனக்கல். வடக்கே தக்காளிக்குப் பேர்போன பாலக்கோடு. கிழக்கே அரூர், அங்கிருந்து சித்தேரி மலை. விடுமுறை நாளில் பரிசல் சவாரிக்கும் மீன் வறுவலுக்கும் கூட்டம் ஏறும் அதே பேருந்துகளில், வார நாள்களில் வேறொரு பயணியும் ஏறுகிறார். தோளில் கனமான பை. உள்ளே பட அட்டைகள், மணிகள், மரக்கட்டைகள், சில சமயம் ஒரு பிரெய்ல் பலகை. அவர் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்.

அந்தப் பையைத் தூக்கும் தகுதி ஒருவருக்கு எப்படிக் கிடைக்கிறது? அந்தப் படிப்பு இந்த மாவட்டத்துக்கு ஏன் இவ்வளவு தேவை?

பெயரிலேயே குழப்பம்

தமிழ்நாட்டில் 'சிறப்பாசிரியர்' என்றால் பலருக்கும் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பார்வை, செவித்திறன், அறிவுசார் வளர்ச்சி போன்றவற்றில் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்களை அரசுப் பள்ளி வட்டாரத்தில் 'சிறப்புப் பயிற்றுநர்' என்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், வட்டார வள மையங்களை மையமாக வைத்து இவர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரே பள்ளியில் உட்கார்ந்து பாடம் நடத்தும் வேலையல்ல இது. சில நாள் பள்ளிகள், சில நாள் மையம், சில நாள் பள்ளிக்கே வர முடியாத குழந்தையின் வீடு என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு

பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் இரண்டு ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. இரண்டுக்கும் அங்கீகாரம் தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ல் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1993-ல் கவுன்சில் சட்டபூர்வ அமைப்பானது.

பி.எட். சிறப்புக் கல்வியில் சேர, பொதுவாகப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விதிப்படி தளர்வு உண்டு. 2015 முதல் இது இரண்டு ஆண்டுப் படிப்பு, நான்கு செமஸ்டர்கள். செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றில் ஒன்றைச் சிறப்புப் பிரிவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மற்ற குறைபாடுகள் பற்றிய அடிப்படைப் பாடங்களைத் தவிர்க்க முடியாது. கிராமத்துப் பள்ளியில் காத்திருக்கும் குழந்தை, ஆசிரியர் எந்தப் பிரிவில் படித்தார் என்று பார்த்து வருவதில்லையே!

கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கப்பட்ட பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவை இந்தத் துறையில் தமிழ்நாட்டின் முக்கியமான மையங்கள். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலை வழியில், இரண்டரை ஆண்டுப் படிப்பாக இதை நடத்திவந்திருக்கிறது. தர்மபுரியிலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் பல மணி நேரப் பயணம். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண் பட்டதாரிக்கு விடுதிக் கட்டணமா, வீட்டிலிருந்தே படிப்பதா என்பதுதான் முதல் நுழைவுத் தேர்வு.

பைக்குள் என்ன இருக்கிறது?

பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் சேர்பவர் முதலில் தன் விரல்களைப் பழக்க வேண்டும். பிரெய்லில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பாரதி பிரெய்ல். 'அ' என்றால் முதல் புள்ளி மட்டும். 'ஆ' என்றால் 3, 4, 5. பலகையில் ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத வேண்டும். தாளைப் புரட்டினால் மேடு தட்டிய புள்ளிகளை இடமிருந்து வலமாக வாசிக்கலாம். அதாவது, எழுதும்போது ஒரு திசை, வாசிக்கும்போது மறுதிசை. பட்டதாரிகள் மீண்டும் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் அனுபவம் இது.

அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் கற்கும் கருவிகளில் ஒன்று சென்னையிலேயே பிறந்தது. பேராசிரியர் பி.ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற மதிப்பீட்டு முறை அது. சாப்பிடுவது, உடுத்துவது, பேச்சைப் புரிந்துகொள்வது, பணம், நேரம் என 18 தலைப்புகள். ஒவ்வொன்றிலும் 20 வீதம் மொத்தம் 360 திறன்கள். எளிதானது முதலில், கடினமானது பிறகு. 'இந்தக் குழந்தையால் என்ன முடியாது?' என்பதைவிட, 'இப்போது என்ன முடியும், அடுத்து எதைத் தொடலாம்?' என்று பார்க்கப் பழக்குவதுதான் இதன் பலன்.

அதன் பிறகு வருவது, ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது. சட்டை போடுவது நமக்கு ஒரே வேலை. சட்டையை எடுப்பது, முன்பக்கம் எது என்று பார்ப்பது, ஒரு கையை நுழைப்பது, அடுத்த கை, பட்டனைத் துளைக்குள் தள்ளுவது என்று பிரித்தால் பத்துக்கும் மேல் போகும். சில நேரம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்றதையெல்லாம் ஆசிரியர் செய்துவிட்டு, கடைசி பட்டனை மட்டும் குழந்தையிடம் விடுவார். 'நானே போட்டேன்' என்ற சந்தோஷத்தோடு பாடம் முடியும். பிறகு அதற்கு முந்தைய படி. இப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக எழுதப்படும் கல்வித் திட்டம்தான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு.

பல மொழி கேட்கும் மாவட்டம்

பாடப் புத்தகம் தராத பாடங்களைத் தர்மபுரி தருகிறது. இது கர்நாடகத்தை ஒட்டிய மாவட்டம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போனால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். வீட்டில் கன்னடம் பேசும் குழந்தை பள்ளியில் தமிழைத் தாமதமாகப் பிடித்தால், அது பேச்சுக் குறைபாடா, மொழி மாற்றத்தின் தயக்கமா? வீட்டு மொழியில் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறது என்று கேட்காமல் முடிவெடுத்தால், குறைபாடே இல்லாத குழந்தைக்கு முத்திரை குத்தும் ஆபத்து உண்டு. மொழிப் பிரச்னை என்று விட்டுவிட்டால், உண்மையிலேயே காது கேட்காத குழந்தையின் பொன்னான ஆண்டுகள் போய்விடும்.

காது விஷயத்தில் காலம் மிக முக்கியம். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடக்கம் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால், அறுவை சிகிச்சை ஒலியைத்தான் கொண்டுவரும். அந்த ஒலிக்கு 'அம்மா' என்று அர்த்தம் சேர்ப்பது அதன் பிறகான மாதக்கணக்கான பயிற்சி. மலை கிராமத்திலிருந்து வாரம்தோறும் நகரத்துக்கு வந்து போக முடியாத குடும்பத்துக்கு, அந்தப் பயிற்சி வீட்டு வாசலுக்கு வந்தால்தான் உண்டு.

அம்மாதான் உதவி ஆசிரியர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. மாநில சராசரி 80 சதவீதம், இங்கே 68.5. மழையை நம்பிய விவசாயம் கைவிடும்போது பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். பெற்றோரோடு கிளம்பினால் குழந்தையின் பயிற்சி அறுந்துபோகும். தாத்தா பாட்டியிடம் விட்டுப்போனால், பயிற்சியை முதலிலிருந்து பாட்டிக்குச் சொல்லித்தர வேண்டும்.

அதனால்தான் இங்கே வேலை பார்ப்பவருக்குக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் திறமை மட்டும் போதாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கும் புரியும்படி பயிற்சியைச் செய்துகாட்டத் தெரிய வேண்டும். வாரத்தில் சில மணி நேரம்தான் பயிற்றுநர் வருவார். மீதி நேரமெல்லாம் வீடுதான் வகுப்பு. கேழ்வரகு புடைக்கும் முறம், புளியங்கொட்டை, குடத்து மூடி எல்லாமே பயிற்சிக் கருவிகளாகிவிடும். விலை உயர்ந்த பொம்மை, பயிற்றுநரின் பையோடு திரும்பிப் போய்விடும். புளியங்கொட்டை வீட்டிலேயே இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், கடும் குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பைத் தந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பட்டியலில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. சட்டம் மலையேறிவிட்டது. ஆசிரியர்கள் போதுமான அளவில் ஏற வேண்டும்.

பத்துப் பேருக்கு ஒருவர்

எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பயிற்றுநர்? ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. தொடக்கநிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர். அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். 2022-ல் மத்திய அரசும் இதை அறிவிக்கையாக வெளியிட்டது. 2025 மார்ச்சில், மாநிலங்கள் இந்தக் கணக்குப்படி பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்றும், ஒப்பந்தத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களைப் பரிசீலிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. சமவெளியில் 10 குழந்தைகள் ஒரே பள்ளியில் இருக்கலாம். மலையில் அதே 10 குழந்தைகள் 10 குக்கிராமங்களில் இருப்பார்கள். காகிதத்தில் கணக்கு ஒன்றுதான், காலில் ஒன்றல்ல. பயண நேரத்தையும் வேலை நேரமாக எண்ணாத வரை, தர்மபுரி போன்ற மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு முழுப் பலன் தராது.

படிக்க நினைப்பவர்களுக்கு...

சேரும் முன் அந்தக் கல்லூரிக்கும், எடுக்கப்போகும் பிரிவுக்கும், அந்தக் கல்வியாண்டுக்கும் மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். படிப்பு முடிந்ததும் வேலை முடியவில்லை. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

பெற்றோர்களும் இந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். தனியார் தெரபி மையங்கள் பெருகிவரும் காலத்தில், அது சந்தேகமல்ல, உரிமை. கூடவே இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: குழந்தைக்காக எழுதிய தனிக் கல்வித் திட்டத்தின் ஒரு நகல். பிழைப்புக்காக ஊர் மாறினாலும், அந்தத் தாள் பையில் இருந்தால், அடுத்த ஊரின் பயிற்றுநர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.