சாதம் காயும் வரை

மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அந்த மிருதங்கக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வெயில் படும்படி வாசலில் சாய்த்து வைத்திருக்கும் மிருதங்கங்கள்தான் அடையாளம். மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் நாலாவது ஆள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் மார்கழி நெருங்கும் நாட்களில் அங்கே ஐந்தாறு பேராவது இருக்கிறார்கள்.

சுவரோரம் பலாமரக் கட்டைகள். நீளமானவை தக்கு சுருதிக்கு, குட்டையானவை ஹெச்சு சுருதிக்கு. தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ஒன்று, உயர்ந்த சுருதியில் பாடும் பெண் குரலுக்கு வேறொன்று. ஒரே வாத்தியத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வாசித்துவிட முடியாது. அதனால் கச்சேரி செய்கிறவர் வீட்டில் பல மிருதங்கங்கள் இருக்கும். அவையெல்லாம் மாறி மாறி இந்த வாசலுக்கு வந்து போகின்றன.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நாலாக மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம். பக்கத்தில், மாலை போட்ட பழைய வித்வான் ஒருவரின் புகைப்படம். மடியில், மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலை. அதன் நடுவில் சாதம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சாதம் என்றால் சோறேதான். குழைய வடித்த சோற்றோடு, இடித்துச் சலித்த கறுப்புக் கல்லின் பொடியைச் சேர்த்து மசிய அரைத்து வைத்திருக்கிறார். அதில் ஒரு சிட்டிகை எடுத்து, தோலின் மேல் வட்டமாகத் தடவுகிறார். பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கிறார். ஈரம் போய், பளபளப்பு ஏறி, கல்லுக்கடியில் தோல் சூடாகும் வரை தேய்க்கிறார். அடுத்த சிட்டிகை. மறுபடியும் தேய்ப்பு. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து நிற்கிறது அந்தக் கறுப்பு வட்டம். காயும்போது அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விரிசல்கள் ஓடுகின்றன. அந்த விரிசல்கள் இருப்பதால்தான் கனத்த சாதத்தைச் சுமந்துகொண்டும் தோல் அதிர முடிகிறது. அவசரப்பட்டுப் பூசினால் சாதம் பெயர்ந்து வந்துவிடும். இடையிடையே விரலால் ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்கிறார். தேய்த்துத் தேய்த்து அவருடைய வலது கட்டைவிரல் ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது.

இந்த வேலைக்கு மணிக்கணக்காகும். வந்தவர்கள் காத்திருக்க வேண்டும். கடை இப்படிக் கூடும் இடமாக ஆனதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கைநடுக்கத்தால் மேடையை விட்ட வயதான வித்வான் ஒருவர் தினமும் வருகிறார். ரிப்பேருக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. ஸ்டூல் அவருக்கென்று ஒதுங்கிவிடுகிறது. பஜனை கோஷ்டிக்காரர் டோலக்கோடு வருகிறார். மாதா கோயில் பாடகர் குழுவில் தபேலா வாசிக்கும் பையன் பள்ளிக்கூடப் பையோடு வந்து நிற்கிறான். அரங்கேற்றத்துக்குத் தயாராகும் சிறுமியின் அம்மா, இடது பக்கத் தோலைச் சொல்லி, "தொப்பி கொஞ்சம் கம்மலா இருக்குங்கறா" என்கிறார். கடைக்காரர் அம்மாவைப் பார்க்கவில்லை. "நீ வாசி பாப்பா" என்கிறார். சிறுமி வாசிக்கிறாள். பெரியவர் ஸ்டூலில் இருந்தபடியே கையால் தாளம் போடுகிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு ஆவர்த்தனம் வாசிக்கிறாள். கட்டணம் இல்லாத பாடம் ஒன்று அங்கே நடந்து முடிகிறது.

கம்பிக் கூடையில் டீ வருகிறது. யார் காசு கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு ஒரு இளம் வித்வான் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். பேர் தெரிந்த ஆள். சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "அண்ணா, ஆறரைக்குக் கச்சேரி. வலந்தலைல சாப்புச் சொல் சுத்தமா விழமாட்டேங்குது." கடைக்காரர் மிருதங்கத்தை வாங்கி நாலு இடத்தில் தட்டுகிறார். "மழை ஈரம் ஏறியிருக்கு தம்பி. சாதத்துல குத்தமில்ல. உக்காருங்க, வார் பிடிச்சுத் தரேன்." கட்டையைக் காலால் உதைத்துப் பிடித்து, எருமைத்தோல் வாரை இழுக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. மகன் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்கிறான். வித்வான் தரையில் சம்மணமிட்டுப் பேசாமல் காத்திருக்கிறார். பிறகு சுருதிப் பெட்டியைப் போட்டு வாசிக்கிறார். கடைக்காரர் தலையசைத்த பிறகே உறையில் போடுகிறார்.

பசு, ஆடு, எருமை என்று மூன்று தோலும் இல்லாமல் மரபான மிருதங்கம் இல்லை. கடையில் அந்த வாடை எப்போதும் உண்டு. தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, வெட்டி, கட்டும் கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. தஞ்சாவூரில் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தவர். ஐயர் நினைத்த நாதத்தை அவர் தோலில் கொண்டுவந்தார். 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மணி ஐயருக்குக் கிடைத்தது. மிருதங்க வித்வான் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. வாத்தியம் செய்கிறவர் யாரும் அந்த விருதுப் பட்டியலில் இதுவரை இல்லை. இந்தக் குடும்பங்களின் கதையை 2020-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதினார். அதுவரை சபாவில் உட்கார்ந்து கேட்டவர்களில் எத்தனை பேருக்கு மிருதங்கம் செய்கிறவர்களின் பெயர்கள் தெரிந்திருக்கும்?

படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இந்த இடத்தில் பெயர் தெரியாதவர் யாரும் இல்லை. மேடையில் உயரத்தில் உட்காருகிறவரும் இங்கே தரையில்தான் உட்காருகிறார். வாத்தியம் எப்படி இருக்கிறது என்று செய்தவர் சொல்கிறார், வாசிப்பவர் கேட்டுக்கொள்கிறார். சபாக்களிலும் இந்த மரியாதை செய்தவருக்குக் கிடைக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில், வாசிப்பவர் பெயருக்குக் கீழே வாத்தியம் செய்தவர் பெயரையும் அச்சிடுவதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவையில்லை.

இந்த டிசம்பரில் கச்சேரிக்குப் போனால், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள். முடிந்த பிறகு மேடையருகே போய், இந்த மிருதங்கத்தை யார் செய்தது என்று வித்வானிடம் கேளுங்கள்.