டப்போவில் சரி, அம்பத்தூரில் வேண்டாம்

டப்போ, நியூ சவுத் வேல்ஸ்

பொழுது சாயும் நேரத்தில் இங்கே நெடுஞ்சாலையில் வண்டியை எடுக்க உள்ளூர்க்காரர்களே யோசிப்பார்கள். சிட்னிக்கு வடமேற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். நியூவெல் நெடுஞ்சாலையில் பல இடங்களில் 110 வரை போகலாம். இருபுறமும் கோதுமை வயல், மேய்ச்சல் நிலம். மனித வாடையே இருக்காது. அந்தியிலும் விடியலிலும் மேய வரும் சாம்பல் கங்காரு எந்தப் பக்கம் தாவும் என்பது அதற்கே தெரியாது. வளர்ந்த ஆண் 60 கிலோ இருக்கும். மோதினால் ரேடியேட்டர் போய்விடும், அடுத்த ஊர் வெகுதூரம், போனில் சிக்னல் இராது. அதனால்தான் 'யூட்' என்று இவர்கள் சொல்லும் பிக்அப் வண்டிகளின் முகப்பில் புல் பார் நிற்கிறது. நம்மூரில் கிராஷ் கார்டு என்போமே, அதுதான்.

என் யூட்டுக்குப் போன மாதம் வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்றைப் பொருத்தினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு, நட்டு போல்ட்டு வேலைக்குக் காசு கொடுத்து வெளியே விட மனசு வருமா?

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் இதைத் தவிர்த்துவிட்டு முன்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. பிறகு கிரில், அதன்பின் கம்பெனி பம்பர். பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பொறுமையாக நெம்ப வேண்டும், அவசரப்பட்டால் உடையும். பம்பரைக் கழற்றியதும் சேஸின் இரண்டு நீளச் சட்டங்களின் முனையும் வெளியே தெரியும். புல் பாரின் பிராக்கெட்டுகள் அங்கேதான் உட்காரும். என்னுடையது இரும்பு, 60 கிலோ சொச்சம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, நடுவில் டிராலி ஜாக் கொடுத்துத் தூக்கினோம். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும்தான் முடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஃபெண்டருக்கும் பாருக்கும் இடையே சந்து ஒரே அளவாக வந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச். இந்த நுணுக்கம் தெரியாதவர்கள் ஒரு பக்கத்தை இறுக்கிவிட்டு, மறுபக்கத்தை வளைக்க மல்லுக்கட்டுவார்கள். கடைசியாக இண்டிகேட்டர் ஒயரிங், நம்பர் பிளேட். முன்பக்கம் கனம் ஏறியதால் மூக்கு சற்றே தாழும். ஹெட்லைட்டின் கோணத்தைத் திருத்த வேண்டும்.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சித்தப்பா மகனிடமிருந்து அழைப்பு. எஸ்டேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரஸ் பாகங்கள் ஏற்றிப்போகும் பிக்அப் அவனுடையது. பழைய வண்டி. "அண்ணா, சூப்பரா இருக்குண்ணா. நானும் ஒண்ணு போடப்போறேன். பாடியில தெரிஞ்ச பட்டறை இருக்கு, எம்.எஸ். பைப்பை வளைச்சு ஒரே நாள்ல வெல்டு அடிச்சுத் தர்றேங்கறான்."

வேண்டாம் என்றேன்.

"நீ மட்டும் போட்டுக்கலாம், நான் போடக் கூடாதா?"

நியாயமான கேள்வி. இந்த மடலே அவனுக்கான பதில்தான்.

அவன் தினமும் போகும் தடத்தை நினைத்துப் பாருங்கள். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையம், ஆவடி, பருத்திப்பட்டு, கரையான்சாவடி, பிறகு பெங்களூரு நெடுஞ்சாலை. ஷேர் ஆட்டோவிலிருந்து சாலை நடுவிலேயே இறங்குபவர்கள், ஷிப்ட் முடிந்து சைக்கிள் மிதிப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள். மாடும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை நகரும் வேகமும் அங்கே வண்டி போகும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். இருசக்கர வாகனத்தில் போனவர்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல். அவன் வண்டிக்கு முன்னால் வரக்கூடியவர்கள் இவர்கள்தாம்.

கம்பெனி பம்பர் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. பிளாஸ்டிக் மடியும், பின்னால் உள்ள தகடு கசங்கும். அந்தக் கசங்கலில்தான் மோதலின் வேகம் கொஞ்சம் செலவாகிறது. சேஸோடு இறுக்கிய இரும்புக் குழாய் மடியாது. வண்டியின் மொத்தக் கனமும் இரண்டு அங்குலக் குழாயின் வழியே எதிரில் நிற்பவர் மேல் இறங்கும். பெரியவருக்கு இடுப்பில், சிறு பிள்ளைக்குத் தலையில்.

புது வண்டிகளில் இன்னொரு சிக்கல். முகப்பு எவ்வளவு சடுதியில் வேகம் இழக்கிறது என்பதைச் சென்சார்கள் உணர்ந்துதான் ஏர்பேக்கை விரிக்கின்றன. நடுவில் கணக்கில் வராத இரும்பு வந்தால், விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம், வேண்டாதபோது விரியலாம். இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "என் வண்டியில ஏர்பேக்கே இல்லையேண்ணா." இல்லாவிட்டால் இன்னும் மோசமடா என்றேன். ஏர்பேக் இல்லாத வண்டியில் ஓட்டுநருக்கு இருக்கிற தற்காப்பு சீட் பெல்ட்டும் அந்தக் கசங்கலும்தான். அதில் ஒன்றை நீயே காசு கொடுத்துக் கழற்றப் போகிறாயா?

ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படி விடுகிறார்கள்? கண்டதையும் விடுவதில்லை. ஏ.எஸ். 4876.1 என்று 2002இல் வந்த தரநிலை ஒன்று இருக்கிறது. விளிம்புகள் மழுங்கி இருக்க வேண்டும். வண்டியின் முகப்பு வடிவத்தை ஒட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனி பார், ஏர்பேக்கோடு ஒத்துப்போகுமாறு கசங்கும் பிராக்கெட். 1970களிலேயே மெல்போர்னிலும் பிரிஸ்பேனிலும் புல் பார் செய்வதற்கென்றே கம்பெனிகள் கிளம்பிவிட்டன. அத்தனைக்குப் பிறகும் நகருக்குள் இது எதற்கு என்று கேட்கிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். சிட்னியில் குடியிருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

சட்டமும் தம்பிக்குச் சாதகமாக இல்லை. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். ஆனாலும் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டால் கிடைக்கிறது. கட்சிக் கொடி கட்டிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, முகப்பில் இரும்பு இருந்தால்தான் கெத்து என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போய்விட்டது. பாதுகாப்புக்காகப் போடுகிறேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தோற்றத்துக்காகத்தான் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எனக்கு உறுத்துவது வேறு. 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் தொடங்கிய நாளிலிருந்து, பாடியில் பிரேக்கும் சக்கரமும் செய்யும் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் கூட்டம் எங்களுடையது. ஆவடியில் டாங்கியே செய்கிறார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் பாகத்தைத் திருப்பி அனுப்பும் ஊரில், மோதல் சோதனை என்ற பேச்சே இல்லாமல் ஒரு பைப்பை வளைத்து, பெயின்ட் அடித்து, வண்டி மூக்கில் மாட்டுகிறோம். இது திறமைக் குறைவல்ல, அக்கறைக் குறைவு.

எஸ்டேட் சந்துகளில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது முகப்பு அடிபடுகிறது என்பதுதான் தம்பியின் உண்மையான குறை. அதற்கு வழி இருக்கிறது. பழைய வண்டியின் பம்பரை மாற்றுவது பெரிய செலவில்லை. ஹாரன் ஒழுங்காக அடிக்கட்டும், ஹெட்லைட்டின் மங்கிய கண்ணாடி மாறட்டும், முன் லாரியோடு ஒட்டி நிற்காமல் இரண்டு முழம் விட்டு நிற்கட்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிக்அப்போ குட்டி யானையோ வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் வண்டி முகப்பில் இரும்பு நின்றால், போலீஸ் நிறுத்தும்வரை காத்திருக்காதீர்கள். போல்ட் போட்டதென்றால் ஸ்பேனர் போதும், வெல்டு அடித்ததென்றால் அடித்த பட்டறைக்கே கொண்டுபோய் அறுக்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை காசு கிடைக்கும்.