ஜான் கானருக்கு அப்பா யாரு?

டிஸ்கி: டெர்மினேட்டர் படங்களை இன்னும் பார்க்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க. கதையை எல்லாம் போட்டு உடைக்கப் போறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் சொத்துத் தகராறு கிடையாது. இருக்கிற ஒரே தகராறு டெர்மினேட்டர்தான். எந்தப் படம் எந்தப் படத்தை அழிக்குதுன்னு ஒரு நோட்டு முழுக்கக் கோடு போட்டு வெச்சிருந்தோம்.

சில்லறை ஓட்டைகளை ஈஸியா அடைச்சாச்சு. ரெண்டாம் படத்துல (1991) ஜானுக்கு வயசு 10னு போலீஸ் கம்ப்யூட்டர் காட்டுது. மூணாம் படத்துல (2003) அப்போ தனக்கு 13ன்னு ஜானே சொல்றான். சரி, பயபுள்ளைக்கு ஞாபக மறதி! உயிருள்ள சதை மூடியிருந்தாதான் காலம் தாண்டி வரமுடியும்னு முதல் படத்துல (1984) கைல் ரீஸ் சொல்றான். அப்போ முழுக்க உலோகக் குழம்பான டி-1000 எப்படி வந்துச்சாம்? "தோல் மாதிரி எதையாவது சுத்தி அனுப்பிச்சிருப்பாங்கடா." இது அண்ணன் தீர்ப்பு.

பெரிய ஓட்டைதான் அடைபடவே இல்லை. 2029ல இருந்து வந்த கைல்தான் ஜானுக்கு அப்பா. முதல் படக் கடைசியில பெட்ரோல் பங்க்ல ஒரு சின்னப் பையன் சாராவை எடுக்கிற போட்டோதான் பின்னாடி கைல் கைக்குப் போகப்போகுது. வட்டம் கச்சிதமா மூடிடுது. ரெண்டாம் படம் அந்த வட்டத்தையே வெட்டுது. 1997 ஆகஸ்ட் 29ல வரவேண்டிய அணுகுண்டு அழிவைத் தடுத்துடறாங்க. அப்போ ஸ்கைநெட் இல்லை, போரும் இல்லை. கைலை யார் அனுப்புவா? ஜான் எப்படிப் பொறந்தான்?

அண்ணன் சொன்ன வழி: யாராவது பின்னோக்கி வர்றப்போ எல்லாம் காலம் புதுசா ஒரு கிளை விடுது. கணக்கு டேலி! ஆனா அப்படின்னா, முதல் கிளையில கைல் வந்திருக்கவே முடியாது. கைலை அனுப்பின ஜானுக்கு அப்பா வேற யாரோ. கைல் உன் அப்பான்னு சொன்னா மகன் அவனை அனுப்புவானான்னு சாரா டேப்ல பேசித் தவிக்கிறாளே, அதுக்கு அர்த்தமே இல்லாம போயிடுது. முதல் படத்தோட உசிரே அங்கதானே இருக்கு? நான் ஒத்துக்கலை. பல வருஷம் இழுத்துச்சு.

2019ல 'டார்க் ஃபேட்' வந்துச்சு. மூணு, நாலு, அஞ்சாம் படங்கள் நடக்கவே இல்லைன்னு ஓரங்கட்டிட்டு, ரெண்டாம் படத்துக்கு நேர் தொடர்ச்சியா எடுத்திருந்தாங்க. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே, 1998ல சின்னப் பையன் ஜானைச் சுட்டுக் கொன்னுடறாங்க.

அன்னிக்கு ராத்திரி அண்ணன் போன் பண்ணான். "அந்த மெஷின் உருக்குக் குழம்புல எறங்குனது எதுக்குடா? சாரா அவ்ளோ பாடுபட்டது எதுக்கு?" குரலே சரியில்லை. முதன்முதலா ரெண்டாம் படம் பார்த்தப்போ அவனுக்கும் ஜான் வயசுதான்.

என்ன சொல்றதுன்னு தெரியலை. "உன் கிளைக் கணக்குப்படி அது வேற ஜான்ணே. நம்ம ஜான் உயிரோடதான் இருக்கான்"னு சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ கைலு?"ன்னான்.

"பரவால்ல விடுண்ணே."

ரெண்டாம் படத்துக்கு ஜேம்ஸ் கேமரூன் இன்னொரு முடிவும் எடுத்து, கடைசியில படத்துல சேர்க்காம விட்டுட்டார். வயசான சாரா பார்க்ல உக்காந்திருப்பா. செனட்டர் ஆகிட்ட ஜான் தன் பொண்ணோட விளையாடிட்டிருப்பான். நோட்டோட கடைசிப் பக்கத்துல அதை எழுதிட்டேன். அதுக்கப்புறம் கோடு எதுவும் போடலை.

போன வாரம் அண்ணன் வந்தப்போ அந்தப் பக்கத்தைப் பார்த்தான். பேனா எடுத்து, பார்க் பெஞ்சுல சாரா பக்கத்துல 'கைல்'னு எழுதிட்டு, "லாஜிக் கேக்காத"ன்னுட்டுப் போயிட்டான் :-)