இரயில் போன ஊர், சாலை வந்த ஊர்

இராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடி வரும் நம்மவர் பலர் உண்டு. கோயிலைத் தரிசித்ததும் திரும்பிவிடாமல், அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் தனுஷ்கோடி என்னும் சிற்றூரைக் காணலாம். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அவ்வளவுதான் ஊர். மீனவர்களின் ஓலைக் குடிசைகள், சங்கும் சிப்பியும் விற்கும் சின்னக் கடைகள், இடிந்த மாதா கோயில், கூரையில்லாத இரயில் நிலையம். இவற்றைத் தவிர அங்கே அதிகமில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இது பெயர்பெற்ற துறைமுகம். 1914ஆம் ஆண்டு பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார்கள். 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்ததுபோல, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர் பலர் மண்டபம் முகாமில் தங்கி, இவ்வழியே கடல் கடந்தனர். வண்டியும் கப்பலும் வந்ததால் ஊரில் குடிகள் பெருகினர். சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற பொறியாளர் முன்னின்று 46 நாட்களில் செப்பனிட்டார். ஆனால் இரயில் இராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

ஆயினும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடும் கடல் அங்கேதானே இருக்கிறது! உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை அகப்பையால் மொண்டு குடித்து வாழ்ந்தார்கள். சாலையோ முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்தது. அதற்கப்பால் சேற்றிலும் மணலிலும் தத்தளித்துப் போகும் வேன்களே கதி. மீன் கூடையும் அதில்தான், நோயாளியும் அதில்தான்.

2017 ஜூலை 27ஆம் தேதிதான் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. இடையில் 53 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் வண்டி வண்டியாக வருகிறார்கள். பிடித்த மீன் கெடுமுன் சந்தைக்குப் போகிறது. ஆனால் சாலை வருவதற்குள் ஒரு தலைமுறை பிள்ளைகள் வளர்ந்து, படிக்க வேண்டிய வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்தை யார் திருப்பித் தர முடியும்?

ஆசிரியன் என்ற முறையில் என் மனத்தில் தைத்தது இதுதான். ஆள் குறைந்த ஊருக்குப் பஸ் எதற்கு என்கிறார்கள். பஸ் நின்றதும் மிச்சமிருக்கும் ஆட்களும் மூட்டை கட்டுகிறார்கள். பிறகு பள்ளிக்கூடம் எதற்கு என்ற கேள்வி வருகிறது. பால்மரங்களை வெட்டி, லயங்கள் வெறிச்சோடிப் போன நம் தோட்டங்களிலும் இந்தக் கதையை நாம் கண்டிருக்கிறோம். தலைக்கணக்கைப் பார்த்துத்தான் சாலை போடுவது என்றால், இருக்கிற நாலு பிள்ளைகளின் கதி என்ன?

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் இரயில் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. பயணம் இப்போது சுலபம். அடுத்த முறை இராமேஸ்வரம் போகும் அன்பர்கள் தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இடிபாடுகளைப் படம் பிடிப்பதோடு நிற்காமல், அந்தக் குடிசைக் கடைகளில் ஏதேனும் வாங்கி, அம்மக்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வண்டி வராத காலத்திலும் ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் அவர்கள்தாம்.