ஐஸ் ஹொக்கியும் தங்கச்சியின் மகனும்

நம் நாட்டில் விளையாட்டு என்றால் கிரிக்கட்தான். உலகக் கிண்ணப் போட்டி நடக்கும் நாளில் கடைத்தெருவில் சனம் குறைந்துவிடும். உம்மாமார் கூட அடுப்படியில் நின்றவாறே "எத்தனை ஓட்டம்?" என்று விசாரிப்பார்கள். ஆனால் நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்று கனடாவில் குடியிருக்கின்றன. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு கிரிக்கட் வாப்பாவுடைய விளையாட்டு. அவர்களுடைய விளையாட்டு ஐஸ் ஹொக்கி.

உறைந்த பனித்தரையில், காலில் கத்தி பூட்டிய சப்பாத்தோடு வழுக்கி ஓடி, ஒரு ரப்பர் வட்டை மட்டையால் அடித்து வலைக்குள் செலுத்த வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 தொழில்முறை அணிகள் உண்டு; 2021-22 பருவத்தில் ஒக்டோபர் மாதத்தில் தொடங்கி ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் ஆடின. அவற்றில் 16 அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர் மேலே போவார். 1892இல் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபு வழங்கிய வெள்ளிக் கிண்ணம்தான் பரிசு.

ஒரு மௌலவிக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். டொரன்டோவில் வாழும் என் தங்கச்சி 2021ஆம் வருடக் கடைசியில் தொலைபேசியில் ஒரு முறைப்பாடு சொன்னாள். "நானா, இவன்ட வாயில எந்த நேரமும் ஹொக்கிதான். தோத்தா சாப்பிடுறானுமில்ல. இது ஹராம் என்டு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

மருமகனுக்கு அப்போது 15 வயது. ஒரு விடயத்தை அறியாமல் அதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் அரபுக் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த முதல் ஒழுக்கம். ஆகவே, "மகன், எனக்கு முதலில் இந்த விளையாட்டைப் படிப்பித்துத் தாங்க" என்றேன். அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடை நேரத்தில் இங்கே அதிகாலை நாலரை மணி. நான் ஸுபஹ் தொழுது, ஓதி முடித்து வரும்போது அவனுடைய குரல் பதிவு வந்திருக்கும். 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் நாட்டில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாத நாட்களிலும், கையடக்கத் தொலைபேசியில் மிச்சமிருந்த உயிரில் அந்தப் பதிவைக் கேட்டேன். பருவம் முடிவதற்குள் எனக்கும் அணிகளைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் வந்துவிட்டன.

மருமகனின் அணி டொரன்டோ மேப்பிள் லீப்ஸ். அது கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967இல். 2004க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளில் ஒரு தொடரைக் கூட அது வென்றிருக்கவில்லை. ஆனால் 2021-22 பருவத்தில் 115 புள்ளிகள் எடுத்து, தன் வரலாற்றிலேயே மிகக் கூடிய புள்ளிகளைப் பெற்றது. ஒஸ்டன் மத்தியூஸ் என்ற இளைஞர் தனியாக 60 கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் எல்லா அணிகளுக்கும் சம்பள உச்ச வரம்பு ஒன்றே, 81.5 மில்லியன் டொலர். டொரன்டோ அதில் ஏறக்குறைய பாதியை நான்கே நான்கு வீரர்களுக்குக் கொடுத்திருந்தது. "மகன், மாதச் சாமான் காசில் பாதிக்கு இறைச்சி வாங்கினால் அரிசிக்கு என்ன செய்வது?" என்று கேட்டேன். "மாமா, நீங்க உம்மா மாதிரிக் கதைக்கிறீங்க" என்று சிரித்தான். வீட்டுச் செலவைக் கையாளும் எந்தப் பெண்ணும் என் கேள்வியின் நியாயத்தை உணர்வாள்.

புளோரிடா பாந்தர்ஸ் அணி 122 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. இரண்டாம் சுற்றில் தம்பா பே அணியிடம் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்று வீடு போனது. 2021இல் இறுதிப் போட்டி வரை வந்த மொன்றியல், அடுத்த பருவத்தில் 32 அணிகளுக்கும் கடைசி. எட்மன்டனில் கொனர் மெக்டேவிட் என்ற வீரர் இறுதிச் சுற்றுகளின் 16 ஆட்டங்களில் 33 கோல்களில் பங்கெடுத்தும் அவரது அணி கொலராடோவிடம் நாலுக்குப் பூச்சியம் என்று தொடரை இழந்தது. ஒருவர் எவ்வளவு உயர்ந்தாலும் ஜமாஅத் இல்லாமல் காரியம் நடக்காது. எட்மன்டன் என்ற ஊர்ப் பெயர் எனக்கு வேறொரு வகையில் பழக்கம். கனடாவின் முதல் பள்ளிவாசலான அல் ரஷீத் 1938இல் அங்கேதான் கட்டப்பட்டது. அதற்காகக் கடைகடையாக ஏறி இறங்கி நிதி திரட்டியதில் பெண்களின் பங்கு பெரிது.

எனக்குப் பிடித்த அணி கொலராடோ அவலாஞ்ச். அதற்கு ஆட்டம் மட்டும் காரணமல்ல. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. இந்த விளையாட்டில் வீரர்கள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திச் சண்டை பிடிப்பார்கள். அதற்குத் தண்டனை ஐந்து நிமிடம் ஓரத்தில் உட்கார்வது. முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதை ரசிக்க என்னால் முடியாது என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் சிறு குற்றங்களுக்குள்ள தண்டனை முறை எனக்குப் பிடித்தது. தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே இருப்பார். அவரது அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ஒருவரின் கோபத்துக்கு எல்லோரும் விலை கொடுப்பது குடும்பத்திலும் அப்படித்தானே?

அந்த வருடம் வட அமெரிக்காவில் பெரும்பாலான முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாள் மே 2ஆம் திகதி. அன்றிரவுதான் டொரன்டோவின் முதல் ஆட்டம். நடப்புச் சம்பியனான தம்பா பேயை 5-0 என்று வென்றது. பெருநாள் உடுப்போடு பிள்ளைகள் எல்லோரும் துள்ளிக் குதித்தார்களாம். தங்கச்சி அதையும் முறைப்பாடாகவே சொன்னாள். நான் அவளுக்கு ஆயிஷா (ரழி) அவர்களின் சம்பவத்தை நினைவூட்டினேன். ஒரு பெருநாள் தினத்தில் ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடினார்கள். அதைப் பார்க்க விரும்பிய ஆயிஷா (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிற்க வைத்து, அவராகவே போதும் என்று சலிக்கும் வரை நபியவர்கள் காத்து நின்றார்கள். விளையாட்டைப் பார்ப்பதே குற்றம் என்று சொல்ல எனக்கு எங்கே இடம்?

மே 14ஆம் திகதி ஏழாவது ஆட்டம். டொரன்டோ தன் சொந்த மைதானத்தில் 2-1 என்று தோற்றது. அன்று குரல் பதிவு வரவில்லை. தங்கச்சிதான் பேசினாள். "அறைக் கதவைப் பூட்டிட்டு அழுறான் நானா."

நான் அவனோடு பேசினேன். ஹராம் என்ற சொல்லை எடுக்கவில்லை. நபியவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னேன். ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமத்து அரபி தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் மனவருத்தம். இவ்வுலகில் உயர்கின்ற எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை நபியவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "ஸஹாபாக்களும் கவலைப்பட்டாங்களா மாமா?" என்று கேட்டான். "ஓம் மகன். கவலைப்பட்டதற்காக நபியவர்கள் அவர்களை ஏசவில்லை" என்றேன். அன்று பகல் சாப்பிட்டானாம்.

இனி கொலராடோவின் கதைக்கு வருகிறேன். அந்த அணியில் நாஸிம் கத்ரி என்றொரு வீரர். லெபனானிலிருந்து கனடாவில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை; ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரத்தவர். 2009இல் டொரன்டோ அணிதான் அவரை முதலில் தெரிவு செய்தது. நல்ல ஆட்டக்காரர், ஆனால் கோபக்காரர். 2018இலும் 2019இலும் இறுதிச் சுற்று வேளையில் எதிராளியை மோசமாகத் தாக்கித் தடை பெற்றார். இரண்டு முறையும் டொரன்டோ தோற்றது. 2019இல் அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2021இல் அங்கேயும் அதே குற்றம். 8 ஆட்டங்கள் தடை.

2022 மே மாதம் சென் லூயிஸ் அணியோடு நடந்த தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், வட்டைத் துரத்திப் போன கத்ரி எதிரணிக் கோல் காப்பாளர் மீது மோத நேர்ந்தது. காப்பாளர் காயப்பட்டார். அதற்குப் பிறகு கத்ரிக்கு இனவெறிச் செய்திகளும் மிரட்டல்களும் குவிந்தன. பொலிசார் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆட்டத்தில் அரங்கமே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. அவர் யாரையும் அடிக்கவில்லை. மூன்று கோல் போட்டார். மல்யுத்தத்தில் வீழ்த்துபவனை விடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழியின் கருத்தை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அன்று அதற்கு எனக்குப் புதிய உதாரணம் கிடைத்தது.

அடுத்த தொடரில் பெருவிரல் முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டார். இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்துக்குத் திரும்பி வந்து, மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டார். ஜூன் 26ஆம் திகதி கொலராடோ கிண்ணத்தை வென்றது. வெற்றியின் சூட்டில் அவர் தன்னைக் குறை சொன்னவர்களுக்குச் சொன்ன ஒரு சொல் இந்தப் பக்கங்களில் எழுதத்தக்கதல்ல. அவரை மார்க்கத்துக்கு முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வென்ற அணியின் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நாள் கிண்ணம் கொடுக்கப்படும். கத்ரி அதை 2022 ஓகஸ்ட் 27ஆம் திகதி தன் ஊரான லண்டனின் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். அதே லண்டன் நகரில்தான் 2021 ஜூன் 6ஆம் திகதி மாலை உலாப் போன ஒரு முஸ்லிம் குடும்பத்தை ஒருவன் வாகனத்தால் மோதினான். நான்கு பேர் ஷஹீதானார்கள்; ஒரு சிறுவன் மட்டும் உயிர் தப்பினான். அதன் பிறகு என் தங்கச்சி மாலையில் நடக்கப் போவதையே நிறுத்தியிருந்தாள். மகனிடம், வெளியே போகும்போது தொப்பியைச் சட்டைப் பைக்குள் வை என்று சொல்லியிருந்தாள். பள்ளிவாசலில் கிண்ணம் நிற்கும் படத்தை அனுப்பிய மருமகன், "மாமா, இது எங்கட நாடும்தான்" என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் அந்த விளையாட்டுக்குள் இத்தனை நாளாக எதைத் தேடினான் என்பது தங்கச்சிக்கு அன்றுதான் விளங்கியது.

நான் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. 2022 ஏப்ரல் 4ஆம் திகதி, றமழான் தொடங்கிய அதே வாரத்தில், ஒன்டாரியோ மாகாணம் தனியார் நிறுவனங்களின் இணையச் சூதாட்டத்துக்குக் கதவைத் திறந்தது. அன்று தொட்டு ஆட்டத்தின் இடையிடையே பந்தய விளம்பரங்கள். பிள்ளைகள் போற்றும் வீரர்களே அவற்றில் தோன்றினார்கள். வீரர்கள் அப்படித் தோன்றுவதை 2024 பெப்ரவரியில்தான் அங்கே தடுத்தார்கள். 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லைதான். ஆனால் மருமகன் ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "என்ட கூட்டாளி அவன்ட நானாட போன்ல அஞ்சு டொலர் வைக்கிறான். அஞ்சு டொலர்தானே மாமா?"

இந்த இடத்தில்தான் ஹராம் என்ற சொல்லை எடுத்தேன். ஐந்தும் சூதுதான், ஐயாயிரமும் சூதுதான் என்று விளக்கினேன். மதுவோடு சேர்த்துச் சூதையும் அல்லாஹ் தடுத்திருப்பதன் காரணங்களில் பகைமையும், தொழுகையை மறக்கச் செய்வதும் அடங்கும் என்பதையும் சொன்னேன். அதுவரை எதற்கும் அந்தச் சொல்லை நான் பாவிக்காதபடியால் அவன் அதைக் கவனமாகக் கேட்டான். எடுத்ததற்கெல்லாம் ஹராம் என்று சொல்லியிருந்தால் இதையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகவே எண்ணியிருப்பான்.

இருவரும் மூன்று நிபந்தனைகள் பேசிக்கொண்டோம். ஆட்டத்துக்காகத் தொழுகை பிந்தக் கூடாது. மே மாதத்தில் டொரன்டோவில் மஃரிப் எட்டரை மணியளவில்; பகுதிகளுக்கு இடையே சுமார் 18 நிமிட இடைவேளை உண்டு; அதற்குள் உழூச் செய்து தொழலாம். ஒரு சதமும் பந்தயம் கட்டக் கூடாது. தோற்ற கோபத்தில் நாவால் யாரையும் ஏசக் கூடாது. விளம்பரம் வந்தால் சத்தத்தை நிறுத்துவது அவனாகவே சேர்த்துக்கொண்ட நாலாவது நிபந்தனை.

டொரன்டோ 2023இல் ஒருவாறு ஒரு தொடரை வென்றது, அடுத்ததில் தோற்றது. 1993இல் மொன்றியல் வென்ற பிறகு 2025 வரை எந்தக் கனடிய அணியும் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. மருமகன் தன் அணியை விடவில்லை. தொழுகையையும் விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சியும் இப்போது அவனோடு உட்கார்ந்து ஒரு பகுதியாவது பார்க்கிறாள்.

சகோதரிகளே! உங்கள் மகனின் அணி ஐஸ் ஹொக்கியாக இருக்காது. கிரிக்கட்டாக, உதைபந்தாட்டமாக இருக்கும். பந்தயம் கட்டும் வழி மட்டும் இங்கேயும் கையடக்கத் தொலைபேசிக்குள் வந்துவிட்டது. தொலைக்காட்சியை நிறுத்துவதற்கு முன் ஒரு முறை அவனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த அணி, ஏன் அந்த அணி என்று கேளுங்கள். கூட்டாளிமார் காசு வைக்கிறார்களா என்பதையும் பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். கேட்க ஆள் இருக்கிற வீட்டில் பிள்ளை மறைக்க மாட்டான். நம் பிள்ளைகளின் ஈமானையும் மானத்தையும் எந்த நாட்டில் இருந்தாலும் அல்லாஹ் பாதுகாப்பானாக!