கைக்கு எட்டாத விளக்கு

பேரா மாநிலத்தின் லகாட்டிலிருந்து பத்து காஜா நோக்கிச் செல்லும் சாலையில், இரவில் ஒற்றை விளக்குடன் ஒரு வாகனம் எதிரே வந்தால், அதை மோட்டார் சைக்கிள் என்றே பலரும் எண்ணுவர். நெருங்கிய பிறகுதான் அது மகிழுந்து என்று தெரியும். நடுக்கோட்டை ஒட்டிய வலப்பக்க விளக்கு அணைந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வண்டியின் எந்தப் பக்கம் நம்மை உரசக்கூடுமோ, அந்தப் பக்கமே இருளில் மறைந்திருக்கும்.

இந்த ஆபத்தை நீக்கச் சிறிய மின்குமிழ் ஒன்றே போதும். ஆனாலும், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று பலர் நாள்களைக் கடத்துவர். முகப்பு விளக்கின் பின்புறம் எளிதில் கைக்கு எட்டாததே அதற்குக் காரணம். பல மகிழுந்துகளில் மின்கலமும் குழாய்களும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கையை நுழைத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பொறுமை இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். முதலில், பயனர் கையேட்டைப் பார்த்துக் குமிழின் வகையை அறிய வேண்டும். நம் நாட்டு மகிழுந்துகள் பலவற்றில் 'எச்4' வகைக் குமிழ் உள்ளது. 12 வோல்ட்டில் இயங்கும் இதில் இரண்டு இழைகள் உண்டு. தாழ் ஒளிக்கு 55 வாட். உயர் ஒளிக்கு 60 வாட். இயந்திரத்தையும் விளக்கையும் அணைத்துவிட்டுச் சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு, மின்கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ரப்பர் உறையை நீக்கி, கம்பிக் கொக்கியை அழுத்தி விடுவித்தால் பழைய குமிழ் வெளியே வரும்.

புதிய குமிழின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. எரியும்போது அக்கண்ணாடி நூற்றுக்கணக்கான பாகை சூடேறும். விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகி, குமிழ் விரைவில் பழுதாகக்கூடும். தவறித் தொட்டுவிட்டால், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் பொருத்தலாம். குமிழின் மூன்று பற்களும் உரிய பள்ளங்களில் அமர வேண்டும். இல்லையேல், ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இருவர் சேர்ந்தால் வேலை எளிதாகும். மகள் கைவிளக்கைப் பிடித்தபடி, சிறு முகக்கண்ணாடியில் கொக்கி இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வாள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்பா!"

தந்தையின் விரல்கள் தடவித் தடவி அதைக் கண்டுபிடிக்கும்.

"மாட்டிடுச்சும்மா!"

பின்னர், சுவரை நோக்கி விளக்கை எரியவிட்டு, இரண்டு ஒளிகளையும் சரிபார்ப்பார்கள்.

எல்லா வண்டிகளுக்கும் இம்முறை பொருந்தாது. சிலவற்றில் முன்தாங்கியையே கழற்ற வேண்டியிருக்கும். செனான் விளக்குகளில் உயர் மின்னழுத்தம் உண்டு. அவற்றைப் பட்டறையில் விடுவதே அறிவுடைமை.

முன்பு இம்மாநிலத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றவர்கள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தனர். விளக்கு அணைந்தால் மரத்தின் வெட்டுக்கோடும் தெரியாது. காலடியில் கிடக்கும் பாம்பும் தெரியாது. அவ்விளக்கு அவர்களைக் காத்தது. மகிழுந்தின் விளக்கோ, ஓட்டுநருடன் எதிரே வருபவரையும் காக்கிறது. அது அணைந்த அன்றே மாற்றிவிடுவது, முகம் அறியாத அந்த ஒருவருக்கும் செய்யும் உதவியாகும்.